பொன் போனபின் எஞ்சிய நிலம்
ரவூப் வட்டாரத்தைப் படம் எடுக்கக் கற்போம்

கேமரன் மலைத் தோட்டங்களில் முன்பெல்லாம் திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் மட்டுமே பட்டணத்திலிருந்து படம் எடுப்பவரை அழைத்து வருவது வழக்கம். இன்று தேயிலை கொய்யும் தாயாரின் பையிலும் பள்ளி செல்லும் மகனின் சட்டைப் பையிலும் படக்கருவி பொருந்திய கைப்பேசி இருக்கிறது. எனினும், கருவி கைக்கு வந்த அளவிற்குக் கண்ணுக்குப் பயிற்சி வந்துவிட்டதாகக் கூறுவதற்கில்லை. எதை எடுப்பது, எங்கே நின்று எடுப்பது, எடுத்ததை என்ன செய்வது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தெரிந்தவரே படம் எடுக்கத் தெரிந்தவர் ஆவார். இம்மூன்றையும் கற்றுக்கொள்வதற்கு நமக்கு அண்மையிலேயே ஒரு நல்ல நிலம் உண்டு. அதுவே ரவூப்.

ரிங்லெட்டிலிருந்து கிழக்கே இறங்கும் சாலை சுங்கை கோயானை அடைகிறது. அங்கிருந்து ஒரு பக்கம் ரவூப்பிற்கும் மறுபக்கம் குவாலா லிப்பிசுக்கும் செல்லலாம். அதிகாலையில் மலையை விட்டுப் புறப்படும் குடும்பம் பகல் முழுவதும் சுற்றிப் பார்த்துவிட்டு அன்றே திரும்பலாம். பலரும் இவ்வூரை இன்று மூசாங் கிங் டுரியானுக்காகவே அறிவர். ஆனால் இவ்வூரை உலகம் முதலில் அறிந்தது பொன்னுக்காக.

பொன்னின் வரலாறு

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த நிலநூல் அறிஞர் தாலமி, நம் தீபகற்பத்தைப் ‘பொன் தீபகற்பம்’ என்னும் பொருள்படும் பெயரால் குறித்தார். அப்பெயர் வெறும் புகழுரையன்று. மேற்கே தித்திவாங்சா மலைத்தொடரின் கருங்கற்பாறை ஈயத்தைத் தந்தது; அம்மலைத்தொடருக்குக் கிழக்கே கிளந்தானிலிருந்து பகாங் வழியாகத் தெற்கு நோக்கிச் செல்லும் நிலப்பட்டை பொன்னைத் தந்தது. இருபது கோடி ஆண்டுகளுக்கு முன் இரு பெரும் நிலப்பகுதிகள் நெருங்கி, இடையிலிருந்த கடல் மூடிக்கொண்ட தழும்பு பெந்தோங், ரவூப் ஆகிய ஊர்களின் வழியே செல்கிறது என்று நிலவியலார் கூறுவர். அத்தழும்பிற்கே அவர்கள் ‘பெந்தோங்-ரவூப்’ என்று பெயரிட்டுள்ளனர். ஆகவே கேமரன் மலையிலிருந்து ரவூப்பிற்கு இறங்கும் பயணி ஈய மலையிலிருந்து பொன் நிலத்திற்கு இறங்குகிறார் எனலாம்.

‘ரவூப்’ என்னும் மலாய்ச் சொல்லுக்கு இரு கைகளையும் சேர்த்து அள்ளுதல் என்பது பொருள். அள்ளிய கைம்மணலில் எல்லாம் பொன் கண்டதால் இப்பெயர் வந்தது என்பது அவ்வூர் வழக்கு. ‘டூலாங்’ எனப்படும் மரத்தட்டில் ஆற்று மணலை இட்டு, நீரில் சுழற்றிச் சுழற்றிப் பொன்னை அரித்தெடுக்கும் முறை அங்கே நெடுங்காலம் இருந்தது.

1889-ஆம் ஆண்டில் வில்லியம் பிபி என்பாரின் முயற்சியால் ஆஸ்திரேலியர் குழு ஒன்று இங்கே சுரங்க உரிமை பெற்றது. பின்னர் அது ரவூப் ஆஸ்திரேலியப் பொற்சுரங்க நிறுவனமாக வளர்ந்து, புக்கிட் கோமானில் நிலத்தைக் குடைந்து பாறையை வெட்டியது. ஆலையை இயக்குவதற்காக அந்நிறுவனம் சுங்கை செம்பாம் ஆற்றில் 1900-ஆம் ஆண்டளவில் அமைத்த மின் நிலையமே நம் நாட்டின் முதல் நீர்மின் நிலையம் என்று போற்றப்படுகிறது. 1898-இல் குவாலா லிப்பிஸ் பகாங்கின் ஆட்சித் தலைநகராயிற்று. 1950-களில் அத்தகுதி குவாந்தானுக்கு மாறிற்று. 1960-களின் தொடக்கத்தில் புக்கிட் கோமானில் ஆழ்சுரங்க வேலையும் முடிவுற்றது. எனினும் பொன் தேடும் தொழில் மாநிலத்தை விட்டு அகலவில்லை. லிப்பிசை அடுத்த பென்ஜோமில் 1990-களில் பெருஞ்சுரங்கம் ஒன்று திறக்கப்பட்டது.

படம் எடுக்குமுன் நிலத்தைப் படித்தல்

பொன் விளைந்த ஊருக்குச் சென்றால் பொன்னைக் காணலாம் என்று எண்ணுவது இயல்பு. அங்கே காணக் கிடைக்காத பொருள் பொன் ஒன்றுதான். ஒரு டன் பாறையில் சில கிராம் பொன் இருந்தாலே அது நல்ல சுரங்கமாகக் கருதப்படும். அந்தச் சில கிராமுக்காக முழுப் பாறையும் வெட்டப்பட வேண்டும். மேலே ஏற்றப்பட வேண்டும். மாவாக இடிக்கப்பட வேண்டும். பாதரசத்தாலோ சயனைடு கரைசலாலோ பொன் பிரிக்கப்பட வேண்டும். 1887-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் உரிமம் பெற்ற சயனைடு முறை உலகப் பொற்சுரங்கங்கள் பலவற்றிலும் விரைவில் பரவியது. பிரித்தெடுத்த பொன் கப்பலேறிச் சென்றுவிட, அரைத்த மணலோ அங்கேயே குவிந்தது.

இந்த உண்மையை உணர்ந்தால் நம் படக்கருவி எங்கே திரும்ப வேண்டும் என்பது தானே விளங்கும். சுற்றியுள்ள குன்றுகளோடு ஒட்டாத வெளிறிய மணல் மேடு, வரிசை தவறி முளைத்த இளங்காடு, மலைச்சரிவில் நேர்கோடாகச் செல்லும் பழைய நீர்வழி, நீர் நிறைந்து குளமாகிவிட்ட பள்ளம், சுரங்கம் செழித்த நாளில் எழுந்த கடைவீடுகள், தொழிலாளர் குடியிருந்த தெரு, அவர்கள் வழிபட்ட கோயில், அவர்கள் அடக்கமான இடுகாடு என இவையே பொன் நிலத்தின் உண்மையான உறுப்புகள். பொன் போய்விட்டது, உழைப்பின் தடம் எஞ்சி நிற்கிறது. அத்தடத்தைப் படமாக்குவதே நம் வேலை.

கர்நாடகத்தில் உள்ள கோலார் தங்கவயலை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து சென்ற தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் உழைத்தனர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-இல் அச்சுரங்கம் மூடப்பட்டது. அரைத்த மணல் குவிந்த சயனைடு மேடுகள் மட்டும் ஊரைச் சூழ்ந்து நிற்கின்றன. அவற்றின் விந்தையான தோற்றத்திற்காகத் திரைப்படக் குழுவினர் அங்கே செல்வதுண்டு. திரையில் அம்மேடு அழகிய பின்னணியாகத் தோன்றும். அம்மேட்டின் ஒவ்வொரு பிடி மணலும் ஒரு தொழிலாளியின் கையால் மேலே வந்தது என்பதை அப்படம் சொல்லாது. நாம் எடுக்கும் படம் அதைச் சொல்ல வேண்டும்.

ஒளியைப் பயன்படுத்துதல்

நம் நாட்டில் கதிரவன் ஆண்டு முழுவதும் ஏறத்தாழக் காலை ஏழு மணியளவில் உதித்து விரைவில் உயரே ஏறிவிடுகிறான். உச்சிவெயில் நிழலைக் காலடியில் சுருக்கி, நிலத்தைத் தட்டையாகக் காட்டும். ஆகையால் நிலக்காட்சிக்கு உரிய நேரம் காலை ஒன்பது மணிக்கு முன்பும் மாலை ஐந்து மணிக்குப் பின்புமே ஆகும்.

ரவூப்பிற்கு மேற்கே மலைத்தொடர் நிற்கிறது. எனவே காலையில் மலைமுகம் முழுவதும் ஒளிபெற்று, ஒவ்வொரு மடிப்பும் தெளிவாகத் தெரியும். பிற்பகலில் கதிரவன் அம்மலைக்குப் பின்னே சென்றுவிடுவதால் நிழல் முன்னதாகவே ஊரை எட்டும். மழை மேகமும் பெரும்பாலும் அந்நேரத்தில்தான் திரளும். மலையைக் காலையிலும், கிழக்கு நோக்கிய காட்சிகளை மாலையிலும் எடுப்பது நலம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை மிகுதி. அம்மாதங்களில் சாலை நிலையை அறிந்த பின்னரே புறப்பட வேண்டும்.

தாழ்ந்த ஒளிக்கு மற்றுமொரு சிறப்பு உண்டு. புல் மூடிய பழைய மேடும் பள்ளமும் உச்சிவெயிலில் கண்ணுக்குத் தெரியா. சாய்ந்த வெயில் படும்போது அவற்றின் நிழல் நீண்டு, மறைந்துபோன பாதையும் கட்டட அடித்தளமும் கோடுகளாக வெளிப்படும். தொல்பொருள் ஆய்வாளர்கள் பழைய ஊர்களைக் கண்டறிய இம்முறையைக் கையாளுகின்றனர். சுரங்க நிலத்திற்கும் இது பொருந்தும்.

வெளிறிய மணலையும் வெண்பனியையும் எடுக்கும்போது ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். படக்கருவி எக்காட்சியையும் நடுத்தர ஒளியுடையதாகக் கருதி அளவிடும். ஆதலால் வெண்மை மிகுந்த காட்சியை அது சாம்பல் நிறமாக்கிவிடும். கைப்பேசித் திரையில் அவ்விடத்தைத் தொட்டால் பெரும்பாலான கருவிகளில் சிறு கதிரவன் குறி தோன்றும். அதைச் சற்று மேலே நகர்த்தினால் பனி பனியாகவும் மணல் மணலாகவும் தெரியும். சுங்கை பாலாஸ் சரிவில் காலைப் பனியைப் படமெடுத்து இதனை நம் மலையிலேயே பழகிக்கொள்ளலாம்.

நிற்கும் இடமும் அளவும்

கண்ணுக்கு ஓங்கித் தோன்றும் மலை படத்தில் சிறு மேடாகச் சுருங்கிவிடுவதைப் பலரும் கண்டிருப்பர். கைப்பேசியின் வழக்கமான வில்லை அகன்ற பரப்பைப் பிடிப்பதே இதற்குக் காரணம். தொலைவுக் காட்சிக்கென இரண்டாம் வில்லை இருப்பின் அதனைப் பயன்படுத்துக. அஃதில்லையேல் அண்மையில் ஒரு பொருளை அமைத்துக்கொள்க. அது வேலிக் கம்பமாகவோ பழைய தண்டவாளத் துண்டாகவோ படிக்கட்டாகவோ இருக்கலாம். அண்மைப் பொருள் கண்ணை அழைத்துச் சென்று தொலைவில் சேர்ப்பிக்கும். விரலால் திரையை விரித்துப் பெரிதாக்குவதை விட நான்கு அடி முன்னே நடப்பது மேல்.

மணல் மேட்டைத் தனியே எடுத்தால் அது பத்து அடியா நூறு அடியா என்று பார்ப்பவர் அறியார். அருகில் ஒருவர் நின்றால் அளவு உடனே விளங்கும். தொடுவானம் சாயாதிருக்கிறதா என்பதையும் படத்தின் நான்கு ஓரங்களையும் பொத்தானை அழுத்துமுன் ஒருமுறை நோக்குக.

நின்ற இடத்தைக் குறித்துவைத்தலும் இன்றியமையாதது. 1880-களின் இறுதியில் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் பனியாறுகள் குறைவதை அளக்க விரும்பிய அறிஞர்கள், ஒரே இடத்தில் நின்று ஆண்டுகள் கழித்து மீண்டும் மீண்டும் படமெடுத்தனர். இரு படங்களை அருகருகே வைத்தால் மாற்றம் தானே பேசும். ரவூப் கடைத்தெருவின் பழைய படம் ஒன்று கிடைத்தால், அதே மூலையில் நின்று இன்றைய படத்தை எடுக்கலாம். பழைய படம் கிடைக்காவிடினும் கவலையில்லை. இன்று நாம் எடுப்பதே நாளைக்குப் பழைய படம்.

வாசலில் நிற்கும் மக்கள்

ரவூப்பிற்கு ஆஸ்திரேலியச் சுரங்கத்தார் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, அவர்கள் நாட்டிலேயே ஒரு சிறந்த நிழற்படப் பணி நடந்தது. 1872-ஆம் ஆண்டில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ஹில் எண்ட், குல்காங் என்னும் பொற்சுரங்க ஊர்களுக்குப் போஃபோய் மெர்லின் என்பவரும் அவருடைய இளம் உதவியாளர் சார்லஸ் பெய்லிஸும் சென்றனர். அவர்கள் மலையை மட்டும் எடுக்கவில்லை. வீடு வீடாக, கடை கடையாகச் சென்று, அங்கு வாழ்ந்தோரை வாசலில் நிறுத்திப் படமெடுத்தனர். இறைச்சிக் கடைக்காரரும் கொல்லரும், குழந்தையை இடுப்பில் ஏந்திய தாயும், மரப்பட்டைக் கூரை வேய்ந்த குடிலின் முன் நின்ற சுரங்கத் தொழிலாளரும் அப்படங்களில் உள்ளனர்.

அப்பணிக்குப் பொருளுதவி செய்தவர் ஹோல்டர்மன் என்னும் செல்வர். அவருடைய ஹில் எண்ட் சுரங்கத்தில் 1872 அக்டோபரில் 286 கிலோ எடையுள்ள பொற்பாறை கிடைத்தது. அப்பாறையின் அருகே அவர் நிற்கும் படம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அது தனித்தனியே எடுத்த படங்களை ஒட்டிச் செய்த படம். அப்பொற்பாறை பின்னர் இடித்து உருக்கப்பட்டது. பொன்னும் போயிற்று, பொன்னோடு நின்ற படமும் செய்துவைத்த படமாயிற்று. வாசலில் நின்ற எளிய மக்களின் படங்களோ மெய்யாகவே நிலைத்தன. ஏறத்தாழ 3,500 கண்ணாடித் தகடுகள் 1951-இல் சிட்னி நகரின் புறப்பகுதியில் ஒரு தோட்டக் கொட்டகையில் கண்டெடுக்கப்பட்டு, அம்மாநில நூலகத்தில் சேர்க்கப்பட்டன. மறைந்துபோன ஊர்களின் வாழ்வை அறிய அவையே இன்று சிறந்த சான்று.

ரவூப்பிற்குச் செல்லும் நாமும் இம்முறையைப் பின்பற்றலாம். சுரங்கத்தில் உழைத்தவர்களில் சீனர்கள் பெரும்பங்கினர்; அவர்களின் வழிவந்தோர் இன்றும் அவ்வட்டாரத்தில் வாழ்கின்றனர். முதியவர் ஒருவரை அணுகி, வணக்கம் கூறி, இசைவு பெற்று, அவர் வீட்டு வாசலில் அவரைப் படமெடுத்தால், அப்படம் நூறு மலைக் காட்சிகளுக்கு ஒப்பாகும். வழியில் செமாய் பூர்வகுடி மக்களின் குடியிருப்புகளும் உண்டு. அங்கே ஓடும் வண்டியிலிருந்து படமெடுப்பது முறையன்று. இறங்கிப் பேசி, அவர்கள் வேண்டாம் என்றால் கருவியை உறையிலிட்டுவிட வேண்டும். எடுத்த படத்தின் ஒரு பிரதியை உரியவரிடம் சேர்ப்பிப்பதும் நம் கடமை.

எச்சரிக்கைகள்

பழைய சுரங்கக் குழிகள் புதர் மூடிக் கிடக்கலாம். கழிமணல் மேடுகள் மேலே உறுதியாகத் தோன்றினாலும் மழைக்குப் பின் கால் புதையும். பள்ளத்து நீரின் ஆழத்தைக் கரையில் நின்று அறிய இயலாது. சுரங்கக் கழிவில் ஆர்செனிக், பாதரசம் போன்ற நச்சுப் பொருள்கள் இருக்கக்கூடும். ஆதலால் அங்குள்ள நீரைத் தொடுவதும் குழந்தைகளை மணலில் விளையாட விடுவதும் கூடா. வேலியிட்ட நிலத்திலும் இயங்கும் சுரங்கத்திலும் இசைவின்றி நுழைதல் சட்டப்படி குற்றம்.

புக்கிட் கோமானில் பழைய கழிமணலிலிருந்து எஞ்சிய பொன்னைச் சயனைடு முறையால் பிரிக்கும் ஆலை 2009-இல் இயங்கத் தொடங்கியது. அதனையொட்டி ஊர் மக்கள் தங்கள் உடல்நலம் குறித்து அச்சம் தெரிவித்து நீதிமன்றத்தையும் நாடினர். அவ்வூரில் படமெடுப்போர் அங்கு வாழ்வோரின் கவலையையும் அறிந்திருத்தல் வேண்டும். அவர்களுக்கு அந்நிலம் காட்சிப்பொருள் அன்று. அன்றாடம் மூச்சுவிடும் இடம்.

பெயரில்லாப் படம் பேசாது

எடுத்த படத்தை என்ன செய்வது என்னும் மூன்றாம் வினாவிற்கு இப்போது வருவோம். எந்த ஊர், எந்தத் தெரு, எத்திசை நோக்கி, எந்நாள், எந்நேரம், படத்தில் இருப்போர் யார், எடுத்தவர் யார் என்னும் ஏழு செய்திகளை அன்றிரவே ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். சிறந்தவற்றைத் தாளில் அச்சிட்டு, பின்புறம் பென்சிலால் மெல்ல எழுதுக. பேனா மை நாளடைவில் முன்பக்கம் ஊறிவரக்கூடும். கைப்பேசி தொலைந்தால் படமும் தொலையும். எனவே வேறு இரண்டு இடங்களிலாவது பிரதி இருக்கட்டும்.

ரவூப்பில் கற்ற இப்பாடம் நம் தேயிலைத் தோட்டத்திற்கே மிகவும் வேண்டுவது. நீலகிரி மாவட்டத்தில் கூடலூரை அடுத்த தேவாலா, பந்தலூர் ஆகிய ஊர்களின் வரலாற்றைக் காண்க. 1880-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் அங்கே பொன் இருப்பதாகப் பரபரப்பு எழுந்து, இலண்டனில் பல நிறுவனங்கள் தோன்றின. சில ஆண்டுகளுக்குள் அவை சரிந்தன. மலையில் குடைந்த குகைகளே மிஞ்சின. பிற்காலத்தில் அவ்வட்டாரம் தேயிலை நிலமாயிற்று. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர் பலர் அங்கே தேயிலைத் தொழிலில் குடியமர்ந்தனர். பொன்னைத் தேடித் தோண்டிய கூலியாட்களின் பெயர்களை இன்று யார் அறிவார்? நிறுவனங்களின் பங்குக் கணக்கு காக்கப்பட்டது. தோண்டிய கைகளின் கணக்கு காக்கப்படவில்லை.

தேயிலையும் பொன்னைப் போன்றதே. கொய்த கொழுந்து பெட்டியில் அடைபட்டு மலையை விட்டு இறங்கிவிடுகிறது. மலையில் தங்குவது காட்டை வெட்டிச் சரிவைப் பண்படுத்தியவர்களின் உழைப்பு. 1929-இல் போ தோட்டம் தொடங்கிய காலம் முதல் இம்மலைக்கு வந்தவர்களின் பேரர்கள் இன்று நம் வாசகர்களாக உள்ளனர். அவர்கள் வாழ்ந்த லயங்கள் சில இடிக்கப்பட்டுவிட்டன. சில புதிய வீடுகளுக்கு இடம் தரவிருக்கின்றன. புதிய வீடு வருவது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் பழைய லயத்தைப் படமெடுக்காமல் இடிக்க விடுவது, கணக்கெழுதாமல் ஏட்டைக் கிழிப்பதை ஒக்கும்.

ஆகவே வாசகர்களுக்கு இத்திங்களுக்குரிய பயிற்சியாக மூன்றைக் கூறுகிறோம். முதலாவதாக, ரவூப்பிற்கோ லிப்பிசுக்கோ ஒருநாள் சென்று, மேலே கூறிய முறைப்படி பத்துப் படங்கள் எடுங்கள். அவற்றுள் ஐந்திலேனும் மனிதர் இருக்கட்டும். இரண்டாவதாக, உங்கள் தோட்டத்து லயத்தின் ஒவ்வொரு வாசலிலும் அவ்வீட்டார் அனைவரையும் நிறுத்திப் படமெடுங்கள். மூன்றாவதாக, வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய படங்களைச் சன்னலோர வெளிச்சத்தில் வைத்து, மின்னல் விளக்கின்றி, முன்புறமும் பின்புறமும் மறுபடி எடுங்கள்.

மூன்றாவது பயிற்சியைத் தள்ளிப்போடல் ஆகாது. அப்படங்களில் நிற்பவர் யார், எந்தத் தோட்டத்தில், எவ்வாண்டில் என்று சொல்லத்தக்கவர் வீட்டிலுள்ள பாட்டியும் தாத்தாவுமே. அவர்கள் அருகில் அமர்ந்து ஒவ்வொரு முகத்தையும் விரலால் காட்டிக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயரை அப்பொழுதே எழுதிக்கொள்ளுங்கள். மறந்துவிட்டதாகச் சொல்லும் இடத்தில் அடுத்த லயத்து முதியவரிடம் படத்தை எடுத்துச் செல்லுங்கள்.